வேத வாசிப்பும் சித்திரக் கொப்பியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் வேதபாட வகுப்பு, வாலிபர் ஐக்கியம், வீட்டு ஜெபக்கூட்டம் என்று எங்கே சித்திரக் கொப்பியைத் திறந்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்பவர்களில் சில்லாலை, இளவாலைப் பக்கக் கத்தோலிக்கர்களும் உண்டு, தெல்லிப்பழை, உடுவில் பக்கத் தென்னிந்தியத் திருச்சபையாரும் உண்டு. எல்லோரையும் மனத்தில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

சித்திரக் கொப்பி என்றால் என்ன?

வேதாகமத்தின் ஒரு பகுதியை ஊன்றி வாசித்த பின், அங்கே கண்டதை எழுத்தாலும் கோட்டாலும் நிறத்தாலும் ஒரு பக்கத்தில் பதித்து வைப்பதுதான். அகலமான ஓரம் விட்டு அச்சிட்ட வேதாகமத்திலேயே வரைகிறவர்கள் இருக்கிறார்கள். தனிக் கொப்பி வைத்திருப்பவர்கள் அதைவிட அதிகம்.

வாசிப்பு முதலில், படம் பிறகு. இந்த வரிசை மாறினால் அழகான பக்கம் கிடைக்கும், வேத அறிவு கிடைக்காது. கடதாசி, நிறம், முறை எதிலும் உங்கள் விருப்பத்துக்கு இடம் தருவேன். இதில் மட்டும் தரமாட்டேன்.

எனக்குப் படம் கீற வராது. பள்ளிக்கூடத்தில் சித்திரப் பாடத்தில் குறைந்த புள்ளிதான். தொடங்கலாமா?

தொடங்கலாம். இங்கே புள்ளி போட யாரும் இல்லை. படமே இல்லாமல் ஒரு நல்ல பக்கம் செய்யவும் முடியும். 23ஆம் சங்கீதத்தை எடுத்துக் கையால் எழுதுங்கள். முதல் மூன்று வசனங்களில் தாவீது கர்த்தரைப் பற்றிப் பேசுகிறார்: அவர் மேய்க்கிறார், அவர் நடத்துகிறார். நான்காம் வசனத்தில், மரண இருளின் பள்ளத்தாக்குக்குள் கால் வைத்த உடனே, கர்த்தரைப் பார்த்தே பேசத் தொடங்கிவிடுகிறார்: தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர். அந்த இடத்தில் பேனையின் நிறத்தை மாற்றுங்கள். நீலத்தில் எழுதி வந்ததைச் சிவப்பில் தொடருங்கள். ஆறாம் வசனத்தின் முடிவில் பேச்சு மீண்டும் திரும்புவதையும் கவனித்து நிறத்தைத் திருப்புங்கள். இரண்டு பேனைகளோடு அந்தச் சங்கீதத்தின் நடுமுதுகைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். சிறுவயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லி வருகிறவர்களில் பலர் இதை ஒருமுறையும் கவனித்ததில்லை.

வேதப் புத்தகத்திலேயே கீறலாமா? வீட்டில் பெரியவர்கள் விடமாட்டார்கள்.

விடாவிட்டால் கீறாதீர்கள். வேதாகமத்தை நிலத்தில் வைக்காமல், அதன் மேல் வேறு புத்தகம் வைக்காமல் வளர்ந்த தலைமுறை அது. அந்த மரியாதையைப் புண்படுத்தி வரையும் படத்தால் யாருக்கும் பக்திவிருத்தி உண்டாகாது. அம்மம்மாவின் வேதாகமம், திருமணத்தன்று ஆலயத்தில் கொடுத்த வேதாகமம், பிறப்பு இறப்புத் திகதிகள் எழுதிய குடும்ப வேதாகமம் ஆகியவற்றை எவரும் தொடக்கூடாது என்பது என் கருத்தும்கூட.

கடதாசியும் இடம் தராது. வேதாகமத் தாள் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 30 முதல் 40 கிராம் எடைதான். சாதாரண ஃபோட்டோகொப்பித் தாளே 80 கிராம். மார்க்கர் பேனை மறுபக்கத்துக்கு ஊறிவிடும், நீர்வர்ணம் தாளைச் சுருக்கிவிடும். அப்படியும் வேதாகமத்தில்தான் செய்ய வேண்டுமானால் அதற்கென்று ஒரு பிரதி வாங்கி, கலர் பென்சிலும் போல்பொயின்ற் பேனையும் மட்டும் பயன்படுத்துங்கள். பக்கத்தின் அடியில் ஒரு மட்டையை வையுங்கள். எதையும் முதலில் கடைசி வெற்றுத் தாளில் சோதித்துப் பாருங்கள்.

இரண்டாம் கட்டளை உருவங்களைத் தடுக்கிறதே?

இதைக் கேட்பவர்களை நான் மதிக்கிறேன், ஏனெனில் அவர்கள் வேதத்தைப் பொருட்படுத்திக் கேட்கிறார்கள். யாத்திராகமம் 20ஆம் அதிகாரம், வணங்குவதற்கும் சேவிப்பதற்கும் உருவம் செய்யாதே என்கிறது. அதே புத்தகத்தின் 31ஆம் அதிகாரத்தில் கர்த்தர் பெசலெயேலைப் பேர்சொல்லி அழைத்து, பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் இரத்தினத்திலும் மரத்திலும் வேலை செய்வதற்காகத் தம் ஆவியால் அவனை நிரப்புகிறார். சாலொமோன் கட்டிய ஆலயத்தின் சுவர்களில் கேருபீன்களும் பேரீச்ச மரங்களும் மலர்ந்த பூக்களும் செதுக்கப்பட்டிருந்தன என்று முதலாம் இராஜாக்கள் 6 சொல்கிறது. ஆகவே கட்டளை தடுப்பது வணக்கத்தைத் திசைதிருப்பும் உருவத்தை. கைவேலையை அல்ல.

திருச்சபைகளுக்குள் இதில் ஒரே மனம் இல்லை. 787இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் திருவுருவங்களை மதிப்பதை ஏற்றது. சீர்திருத்த மரபினர் பலர் ஆலயச் சுவர்களை வெறுமையாகவே வைத்தார்கள். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிகள் கொண்டுவந்ததும் அந்த எளிமைதான். உங்கள் மனச்சாட்சி தயங்கினால் பிதாவின் உருவத்தையும் கிறிஸ்துவின் முகத்தையும் வரையாமல் விடுங்கள். கிணறு, அப்பம், வலை, விளக்கு, வழி, எழுத்து என்று வரைய வேண்டியது ஏராளமாக மீதி இருக்கும்.

ஒரு பக்கத்தை எப்படித் தொடங்கி முடிப்பது? ஓர் உதாரணம் காட்டுங்கள்.

எரேமியா 29:11ஐ எடுக்கிறேன். இந்தக் கொப்பிகளில் மிக அதிகமாக அலங்கரிக்கப்படும் வசனங்களுள் இது ஒன்று. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று எழுதி, சுற்றிவரப் பூக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வரைந்து முடித்துவிடுகிறார்கள். அந்தப் பூக்களை ஒரு நாள் தள்ளி வையுங்கள்.

முதலில் அதிகாரம் முழுவதையும் உரத்து வாசியுங்கள். இது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து எரேமியா எழுதுகிறார். எகொனியா ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறைகொண்டுபோகப்பட்டவர்களுக்குப் போகிறது. யார், யாருக்கு, எங்கிருந்து என்று பக்கத்தின் மேல்மூலையில் எழுதுங்கள், கடித உறையில் முகவரி எழுதுவதுபோல.

பிறகு முந்திய அதிகாரத்தையும் பாருங்கள். அங்கே அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டு வருடத்துக்குள் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் அறிவிக்கிறான். மக்கள் கேட்க விரும்பிய செய்தி அது. எரேமியாவின் கடிதமோ எழுபது வருடம் என்கிறது. அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைவைத்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். பதினோராம் வசனம் இவ்வளவுக்கும் பின்தான் வருகிறது. எழுபது வருடம் என்றால், கடிதத்தை வாசித்துக் கேட்ட முதியவர்களில் எவரும் ஊர் திரும்பப் போவதில்லை.

இப்போது வரையுங்கள். என்ன வரைவது என்ற கேள்விக்கே இனி இடமில்லை. ஒருவர் இரண்டு என்ற எண்ணைச் சிறிதாகவும் எழுபதைப் பக்கம் முழுவதும் நீளும்படியும் எழுதலாம். இன்னொருவர் அந்நிய மண்ணில் ஒரு கத்தரிக்கன்று நடும் கையை வரையலாம். அடுத்த கிழமை வீட்டுக்குப் போய்விடலாம் என்று நம்பி அகதி முகாமில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்கள் நம்மிடையே வாழ்கிறார்கள். அந்த நம்பிக்கையை வளர்த்த குரல்களையும், முகாம் ஓரத்தில் மிளகாய்க் கன்று வைத்தவர்களையும் அவர்கள் மறக்கவில்லை. இந்த அதிகாரம் அவர்களுக்குப் பூக்களைவிட மிகுதியாக வைத்திருக்கிறது.

கடைசியில், பக்கத்தின் அடியில், விடை தெரியாத ஒரு கேள்வியை எழுதி விடுங்கள். அதைத் தீர்க்க அவசரப்படவேண்டாம்.

பலஸ்தீனத்தை வரைவதா, யாழ்ப்பாணத்தை வரைவதா?

இரண்டும் செய்யலாம், ஆனால் எது எது என்று தெரிந்து செய்யுங்கள். மாற்கு 4இல் புயலில் அலைக்கழியும் படவை வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1986இல் கலிலேயாக் கடலின் நீர்மட்டம் குறைந்தபோது கின்னோசார் அருகே சேற்றிலிருந்து ஒரு பழைய மரப்படகு எடுக்கப்பட்டது. இயேசுவின் காலத்தை ஒட்டியது. நீளம் 8 மீட்டருக்குச் சற்று அதிகம், அகலம் 2.3 மீட்டர். அந்த அளவைக் கொப்பியில் குறித்து, பன்னிரண்டு சீடரும் இயேசுவும் அதற்குள் இருந்தால் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். அந்தக் கடல் ஒரு நன்னீர் ஏரி. கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கு மேல் கீழே, மலைகளுக்கு நடுவே கிடக்கிறது. மலையிலிருந்து காற்று திடீரென இறங்கும். இதையெல்லாம் அறிந்த பின் குருநகர்ப் படகையே வரைய விரும்பினால் வரையுங்கள். பாசையூரிலும் குருநகரிலும் அந்த அதிகாரத்தை வாசிப்பவர்களுக்குக் கரையில் காத்திருப்பது என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதலாம் சங்கீதத்தில் யாழ்ப்பாணமே நல்ல உரையாசிரியர். நமக்கு ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தங்கிய மழைநீரைக் கிணற்றிலிருந்து இறைத்து வாய்க்காலில் விட்டால்தான் தோட்டம். முன்பு துலா, இப்போது பம்பி. நீர்க்கால்களின் ஓரமாய் நடப்பட்ட மரம் என்று அங்கே வாசிக்கும்போது, அந்த மரம் தானாக முளைத்ததல்ல, ஒருவர் நட்டது, அந்த நீரும் ஒருவர் வெட்டி விட்டது என்பது நம் தோட்டக்காரருக்கு உடனே பிடிபடும். துலாவோடு வரையுங்கள்.

92ஆம் சங்கீதம் நீதிமான் பனையைப்போல் செழிப்பான் என்கிறது. அந்த நாட்டு மரம் பேரீச்சை என்பதைப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரியில் குறித்துவிட்டு, நம் பனையை மனநிறைவோடு வரையலாம். பனை பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்துதான் காய்க்கத் தொடங்குகிறது. அதே சங்கீதம் இரண்டு வசனம் தள்ளி, முதிர்வயதிலும் கனி தருவார்கள் என்கிறது. வடலியையும் வளர்ந்த பனையையும் ஒரே பக்கத்தில் வரைந்தால் இரண்டு வசனங்களும் சேர்ந்துவிடும்.

துக்கத்தையும் இழப்பையும் வரையலாமா? தியானம் என்றால் மகிழ்ச்சியாக இருக்க வேண்டாமா?

வேண்டியதில்லை. வேதம் அப்படிக் கேட்கவில்லை. 88ஆம் சங்கீதம் ஒரு விடியலும் இல்லாமல், நண்பர்களை இழந்த குரலோடு முடிகிறது. 137ஆம் சங்கீதத்தில் கின்னரங்கள் மரத்தில் தொங்குகின்றன, பாட்டு வாயில் வரவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்திலிருந்து நடந்தவர்கள் இந்தச் சங்கீதங்களைத் தெருவிலேயே வாசித்தவர்கள். அதே ஆண்டு ஜூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் குண்டுவீச்சில் இறந்தார்கள். ஆலயத்துக்குள் ஓடினால் பிழைக்கலாம் என்று நம்பியவர்கள் அவர்கள். இதைச் சுமந்துகொண்டு வேதபாடத்துக்கு வருகிற ஒருவரிடம் மஞ்சள் நிறத்தில் சூரியனை வரையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

புலம்பல் புத்தகத்தை அவர்களோடு மெதுவாக வாசிக்கப் பரிந்துரைக்கிறேன். அதன் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரெய அரிச்சுவடியின் 22 எழுத்துகளின் வரிசையில் கட்டப்பட்டவை. ஒன்று, இரண்டு, நான்காம் அதிகாரங்களில் எழுத்துக்கு ஒரு வசனமாக 22 வசனங்கள், மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்றாக 66. இடிந்த நகரத்தைப் பார்த்து அழுகிறவர் தன் அழுகைக்கு ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டார். ஐந்தாம் அதிகாரத்திலும் 22 வசனங்கள் இருக்கின்றன, ஆனால் எழுத்து வரிசை இல்லை. அழுகை வரிசையையும் மீறிவிட்டதா, அல்லது பிடிமானம் இனித் தேவைப்படவில்லையா? இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். ஐந்து பக்கங்களில் 22 கட்டங்கள் கீறி, நான்கை வரிசையாக நிரப்பி, ஐந்தாவதைக் கலைந்தபடி விட்டுப் பாருங்கள்.

சில பக்கங்களை யாருக்கும் காட்டத் தேவையில்லை. இரண்டு தாள்களைப் பசையால் ஒட்டி மூடிவிடலாம். ஒரு நினைவைத் தொட்டதும் உடல் நடுங்குகிறது, தூக்கம் போகிறது என்றால் கொப்பியை மூடிவிட்டு நம்பிக்கையான ஒருவரிடமும் மருத்துவரிடமும் பேசுங்கள். சித்திரக் கொப்பி சிகிச்சைக்கு மாற்று அல்ல.

தமிழ் எழுத்தையே சித்திரமாக்கலாமா?

அதுதான் நமக்கு மிக இயல்பான வழி என்று நினைக்கிறேன். அகர வரிசையில் அறம் சொன்ன ஆத்திசூடியை ஏடு தொடங்கிய நாள் முதல் கேட்டவர்கள் நாம். 119ஆம் சங்கீதம் எழுத்துக்கு எட்டு வசனமாக 22 எழுத்துக்கும் 176 வசனங்கள். அதை வாசித்து முடித்த பின் அ முதல் ஔ வரை பன்னிரண்டு வரிகளில் உங்கள் ஜெபத்தை எழுதிப் பாருங்கள். முதல் எழுத்தை மட்டும் பெரிதாக வரைந்து நிறம் தீட்டினால் போதும். ஔ வரும்போது கொஞ்சம் தடுமாறுவீர்கள். அந்தத் தடுமாற்றம் நல்லது, அடுத்த சொல்லைத் தேடி மீண்டும் சங்கீதத்துக்குள் போக வைக்கும்.

எந்த மொழிபெயர்ப்பை வைத்துச் செய்வது?

வீட்டில் உள்ளதை வைத்து. இயலுமானால் பழைய திருப்புதலையும் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். வேறுபடும் இடத்தில் கேள்வி பிறக்கும். வேதத்தைத் தமிழில் தரும் வேலையில் யாழ்ப்பாணத்துக்கும் பங்கு உண்டு. இங்கே பணியாற்றிய வெஸ்லியன் மிஷனரி பீற்றர் பேர்சிவல் 1850இல் சென்னையில் அச்சேறிய மொழிபெயர்ப்பைச் செய்தபோது அவருக்குத் துணைநின்றவர் நல்லூர் ஆறுமுக நாவலர். சைவத்தில் உறுதியாக நின்ற ஒருவர் வேதாகமத்தின் தமிழுக்கு உழைத்தார் என்பதை வேதபாட வகுப்பில் நன்றியோடு சொல்ல வேண்டும்.

என்ன வாங்க வேண்டும்?

தடித்த மட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி, பென்சில், அழிறப்பர், அடிமட்டம், பன்னிரண்டு நிறக் கலர் பென்சில் பெட்டி. நீர்வர்ணம் வேண்டுமானால் 200 கிராமுக்கு மேற்பட்ட தடித்த தாளில் தனியாகத் தீட்டி, காய்ந்த பின் கொப்பியில் ஒட்டுங்கள். வெளிநாட்டு உறவினர் அனுப்பும் ஒட்டுப்படங்களும் அலங்கார நாடாக்களும் இல்லாமலே நல்ல பக்கம் வரும்.

வீட்டில் கிடைப்பதிலிருந்து நிறம் எடுக்கலாமா?

எடுக்கலாம். சிரட்டைக்கரியை அரைத்தால் கறுப்பு. வலிகாமத்துச் செம்மண்ணை நீரில் கரைத்து, கல் அடியில் தங்கிய பின் மேல்நீரை வேறு பாத்திரத்தில் ஊற்றி அடைய விட்டால் நுண்ணிய செங்காவி. இரண்டையும் வேலம்பிசின் நீரில் குழைத்துத் தீட்டுங்கள், நிறம் மங்காது. மஞ்சள் தூளின் நிறம் வெளிச்சத்தில் மங்கும். அதில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆலாத்தி நீரின் சிவப்பு வரும், அதுவும் நிலைக்காது. பீற்றூட் சாறு சில கிழமைகளில் பழுப்பாகிவிடும். புல் உலர்ந்து பூ உதிரும் என்ற ஏசாயா 40ஐ வாசித்தவர்கள் வேண்டுமென்றே மங்கும் நிறத்தைத் தெரிந்தெடுக்கலாம். வசனத்தைக் கரியில் எழுதி, பூவைப் பீற்றூட்டில் தீட்டுங்கள்.

ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளோடு செய்யலாமா?

தாராளமாக. கதையை முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை பென்சில்களைக் கொடுக்காதீர்கள். அச்சிட்ட படத்துக்கு நிறம் தீட்டச் சொல்லாமல் வெற்றுத்தாள் கொடுங்கள். போட்டி வைக்கவேண்டாம், பரிசு கொடுக்கவேண்டாம். என்ன வரைந்தாய் என்று கேட்பதைவிட, இது கதையில் எந்த இடம் என்று கேளுங்கள். யோனாவின் மீனைவிட நினிவேயின் மிருகஜீவன்களை ஒரு பிள்ளை வரைந்திருந்தால், அந்தப் பிள்ளை கடைசி வசனம்வரை கேட்டிருக்கிறது.

பக்கங்களைப் படமெடுத்து முகநூலில் போடலாமா?

உங்கள் விருப்பம். பார்ப்பவர்களை நினைத்து வரையத் தொடங்கினால் கேள்விகள் மறைந்து பூக்கள் கூடும். வரைந்து ஒரு மாதம் கழித்துப் போடுவது நல்லது. மற்றவரின் துக்கப் பக்கத்தை அவருடைய அனுமதியின்றி ஒருபோதும் போடாதீர்கள்.

இது மேற்கத்திய நாகரிகம்தானே?

அகல ஓர வேதாகமங்களும் ஒட்டுப்படங்களும் அங்கிருந்து வந்தவை. வேதத்தை வரைந்து படிப்பது கிழக்கிலும் மிகப் பழையது. 586இல் சிரியாக் மொழியில் எழுதி முடிக்கப்பட்ட ரபுலா நற்செய்தி ஏட்டில் கிறிஸ்துவின் சிலுவையும் பரமேறுதலும் முழுப்பக்க வர்ணப் படங்களாக இருக்கின்றன. கையால் எழுதிப் படிப்பது இன்னும் பழையது: உபாகமம் 17, இஸ்ரவேலின் ராஜா நியாயப்பிரமாணத்தைத் தனக்கென ஒரு பிரதி எழுதி, உயிரோடிருக்கும் நாளெல்லாம் அதை வாசிக்க வேண்டும் என்கிறது.

மாரிமழையில் கொப்பி பூஞ்சணம் பிடிக்கிறது, இராமபாணப் பூச்சியும் அரிக்கிறது. என்ன செய்வது?

வர்ணமும் பசையும் முழுதாகக் காய முன் மூடாதீர்கள். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை சுவரோடு சேர்த்து வைக்காமல், காற்றுப்படும் தட்டில் நிமிர்த்தி வையுங்கள். மழை விட்ட நாளில் நிழலில் விரித்து உலர்த்துங்கள், நேர் வெயில் நிறத்தைக் கெடுக்கும். மாப்பசையைத் தவிருங்கள், பூச்சி முதலில் தேடி வருவது அதைத்தான்.

கொப்பி நிறைந்துவிட்டது. இனி?

கடைசிப் பக்கத்தில் ஒரு பொருளடக்கம் எழுதுங்கள்: வேதப்பகுதி, பக்க எண், திகதி. பிறகு முதலிலிருந்து புரட்டி, பக்க அடிகளில் எழுதிவைத்த விடையில்லாக் கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எடுத்தெழுதி, போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ வேதபாடக் குழுவிடமோ கொண்டு போங்கள். அடுத்த கொப்பிக்கு எந்தப் புத்தகத்தை வாசிப்பது என்பதை அந்தத் தாளைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.